ஐந்தாவது நகர்விலேயே இருந்த ஆபத்து

திருகோணமலைச் சுற்றுப்போட்டியில் நண்பரிடம் கறுப்புக் காய்களோடு தோற்ற சதுரங்க ஆட்டத்தில் பிழை எங்கே என்று கேட்கிறீர்கள். கடைசியில் கோட்டையை இழந்ததை விடுங்கள், அது களைப்பு. 5வது நகர்வைப் பாருங்கள். வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்தில் நின்று எஃப்7ஐக் குறிவைக்கிறது. நீங்களோ டி5 காலாளைக் குதிரையால் வெட்டுகிறீர்கள். இதற்கு வெள்ளை கொடுக்கக்கூடிய பதிலடி ‘ஃப்ரைட் லிவர்’ என்ற தாக்குதல்: குதிரை எஃப்7இல் பாயும், அரசன் அதை வெட்டினால் எஃப்3இல் அரசி செக். டி5 குதிரையைக் காக்க அரசன் ஈ6இற்கு, பலகையின் நடுவுக்கே, வரவேண்டும். கணினி தாங்கும், மணிக்கூடு ஓடும்போது நாங்கள் தாங்கமாட்டோம். காலாளை வெட்டாமல், மற்றக் குதிரையை ஏ5இற்கு நகர்த்தி வெள்ளையின் பிஷப்பைத் துரத்துவதே வழமை. ஒரு காலாள் போகும், ஆனால் காய்கள் விரைவாக வெளியே வரும். உங்கள் நண்பரும் அந்தத் தாக்குதலைக் காணவில்லை, 6வது நகர்வில் குதிரையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்! கணினியைத் திறக்கமுன் இருவருமாக இந்த இடத்தைப் பலகையில் ஆடிப்பாருங்கள்.