வீட்டுப் பெரியவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் எழுபது தாண்டியவர் யாராவது இருந்தால், போனைப் பக்கத்தில் வைத்து அவர் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சென்ற மாதம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் 'கேட்டோம், வாயே திறக்கவில்லை' என்கிறீர்கள், மீதிப் பேர் 'கேட்டோம், நிறுத்தவே மாட்டேன் என்கிறார்' என்கிறீர்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான். பட்டா, பென்ஷன், மூட்டுவலி எல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: என் அப்பாயி இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளில் கப்பலில் வந்து, இப்போது எங்களோடு இருக்கிறார். "உன் கதையைச் சொல்லு அப்பாயி" என்றால், "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வந்தோம், இருக்கோம்" என்று முடித்துவிடுகிறார். எப்படிப் பேச வைப்பது?
– வாசகி, கூடலூர்

பதில்: அப்பாயி மேல் குற்றமில்லை. 'உன் கதையைச் சொல்லு' என்றால் இத்தனை வருஷத்தை எங்கிருந்து தொடங்குவார்? அதோடு, கதை என்பது தலைவர்களுக்கும் பெரிய மனுஷர்களுக்கும் உள்ளது, கொழுந்து கிள்ளினவளுக்கு ஏது கதை என்றுதான் அவர் மனசுக்குள் இருக்கும். வாழ்க்கையைக் கேட்காதீர்கள். வேலையைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள், சாமானைக் கேளுங்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், உங்கள் காம்பரா (அறை) எத்தனாவது? பக்கத்துக் காம்பராவில் யார்? விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) எழுப்ப தப்பு அடிப்பார்களா? வேலைக்குப் போன முதல் நாள் முதுகில் இருந்த கூடை யாருடையது, கயிறு தலையில் எங்கே அழுத்தும்? எத்தனை றாத்தல் (பவுண்டு) கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, போடுவார்கள், குறைந்தால் கங்காணி (மேஸ்திரி) என்ன சொல்லித் திட்டுவார்? இப்படிக் கேட்டால் 'கஷ்டப்பட்டோம்' என்று பதில் சொல்ல முடியாது, ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்றைச் சொன்னால் அதை இழுத்துக்கொண்டு அடுத்தது வரும்.

வாய் திறக்காதவர்களுக்கு நான் சொல்லும் வழி இன்னொன்று உண்டு. ஒரு தாளை எடுத்து லயத்தை நீங்களே வரையுங்கள். அடுப்பு இங்கே, பீலித் தண்ணி (குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீர்) அங்கே, கோயில் இந்தப் பக்கம் என்று தோன்றியபடி போடுங்கள். கண்டிப்பாகத் தப்பாகத்தான் இருக்கும். "அடியே, அங்க எப்படிக் கோயில் இருக்கும், அது பள்ளம்ல" என்று தாளைப் பிடுங்குவார் பாருங்கள். கேட்டால் சொல்லாதவர்கள் கூடத் திருத்தாமல் இருக்க மாட்டார்கள். அப்புறம், எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள், அது போலீஸ் விசாரணை. முருங்கைக்கீரை ஆயும்போது கூட உட்கார்ந்து நீங்களும் ஆய்ந்துகொண்டே கேளுங்கள்.

கேட்கப் போகும் முன் கொஞ்சம் படித்துவிட்டும் போங்கள். இலங்கை சுதந்திரமடைந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று ஆளைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். நீங்கள் டான்டீ என்று சொல்வது அதைத்தான். இதையெல்லாம் அப்பாயியிடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு அந்தப் பக்கம், தங்கைக்கு இந்தப் பக்கம் என்று வந்த வீடுகள் நிறைய. உங்கள் வீட்டில் யார் எந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தார்கள், யார் பேச்சைக் கேட்டு எழுதினார்கள் என்று கேட்க அது தெரிந்திருக்க வேண்டும். 'பிரிஞ்சப்போ எப்படி இருந்துச்சு' என்று மட்டும் கேட்காதீர்கள், அது டிவிக்காரர்கள் மைக்கை நீட்டிக் கேட்பது. பெட்டியில் என்ன வைத்தீங்க, எதை எடுக்க இடமில்லாமல் விட்டீங்க, விட்டதை யாரிடம் கொடுத்தீங்க, முகாமில் முதலில் என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய பாஸ்போர்ட் பீரோவில் இருந்தால் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். அவர் அதைப் புரட்டி, போட்டோவில் தன் மூஞ்சியைப் பார்த்து, ஏதாவது சொல்ல நேரம் ஆகும். அந்த இடைவெளியைப் பொறுக்காமல் அடுத்த கேள்வியைப் போட்டு நிறைய பேர் கெடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: தாத்தா சொல்லும் வருஷமெல்லாம் குழப்பமாக இருக்கிறது. ஆதாரில் ஜூன் மாதத்தில் ஒரு பிறந்தநாள். அவரோ 'பார்த்திப வருஷம், ஆவணி' என்கிறார். எதை எழுதுவது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தாத்தா சொல்வதை. ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்துத் தேதியாக இருக்கும். கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயசு என்று வாத்தியார் ஜூனில் ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்ட காலம் அது. பார்த்திபம் என்றால் 1945 ஏப்ரல் நடுவிலிருந்து 1946 ஏப்ரல் நடு வரை. ஆக ஆவணி என்பது 1945 ஆகஸ்ட் – செப்டம்பர். தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவைதான் திரும்பும், அதனால் ஆள் வயசைப் பார்த்தாலே எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

மற்ற வருஷங்களுக்கு ஊரறிந்த விஷயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். 'நீங்க படிக்கிறப்போ மிட்டாய் வாங்க அணாவா, பைசாவா?' என்றால் வயசு தானாக வந்துவிடும், மிட்டாய்க் கடைக்காரரும் சேர்ந்து வருவார். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 ஜனவரி, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலை. உங்கள் ஊருக்குப் பொதுவான வெள்ளம், கும்பாபிஷேகம் இருந்தால் இன்னும் நல்லது. 'அதுக்கு முன்னாடியா, பின்னாடியா? கல்யாணம் ஆயிடுச்சா? மூத்தவன் கைக்குழந்தையா, நடந்தானா?' இவ்வளவு போதும். வருஷம் தப்பு என்று மட்டும் நடுவில் திருத்தாதீர்கள், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். அப்புறம் சரிபார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் தாத்தா 65-ல் காலேஜ் மாணவர். எதைக் கேட்டாலும் அந்த ஊர்வலக் கதைக்கே வந்து நிற்கிறார். வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். புதிதாக ஏதாவது பிடுங்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியும். பொதுவாகவே பத்து வயசிலிருந்து முப்பதுக்குள் நடந்ததுதான் முதியவர்களுக்கு அதிகம் நினைவில் நிற்கிறது என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள், ஆகவே உங்கள் தாத்தா விதிவிலக்கு இல்லை. கதையை மாற்றப் பார்க்காதீர்கள், அதற்குள்ளேயே ஓரமாக நிற்கிற ஆட்களைக் கேளுங்கள். அன்றைக்குப் போட்டிருந்த சட்டை யார் தைத்தது? கூட ஓடினவர் பிறகு என்ன ஆனார்? ராத்திரி வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது யார், அவர் என்ன சொன்னார்? ஊர்வலத்தை ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருக்கிறார், கதவைத் திறந்த அம்மாவைப் பற்றி இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு ஊர்வலத்தைவிட அந்த அம்மா என்ன சொன்னார் என்பதில்தான் ஆசை.

கேள்வி: அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபோது, பிறந்து சில நாளில் இறந்துபோன முதல் குழந்தையைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டார். "பழசைக் கிளறாதே" என்று அண்ணன் சத்தம் போட்டான். நான் செய்தது தப்பா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தப்பில்லை. அந்தக் குழந்தையின் பேச்சை வீட்டில் யாரும் எடுக்காததால் அம்மா மறந்துவிட்டார் என்று அண்ணன் நினைக்கிறார், அவ்வளவுதான். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வயசானவர்கள் பழையதைப் பேசுவது மூளை மங்குவதன் அறிகுறி இல்லை, கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வது மனுஷ இயல்பு என்றார். அதே பட்லர், சிலருக்கு அது குற்ற உணர்விலும் சோர்விலும் கொண்டுபோய் விடலாம் என்றும் சொன்னார். ஆகவே அழுதால் அழட்டும், 'அழாதீங்கம்மா' என்று பேச்சை மாற்றாதீர்கள், ஆனால் போனை அணைத்துவிடுங்கள். தொடரலாமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். அன்றைக்குப் பேச்சை அந்த இடத்தில் முடித்துவிட்டு எழுந்து போகாமல், காபி போட்டு, பக்கத்து வீட்டு வம்பு ஏதாவது பேசி, அவரைப் பழைய நினைவிலிருந்து இன்றைய பொழுதுக்கு அழைத்து வந்துவிட்டுப் போங்கள். ஒரு வாரமாகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.

அண்ணனை அடுத்த முறை கூட உட்கார வையுங்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழட்டும்.

கேள்வி: பதிவு செய்ய மைக் வாங்க வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம், போன் போதும். ஃபேனை நிறுத்துங்கள், முடியாவிட்டால் குறையுங்கள். குக்கர், சீரியல் இரண்டும் இல்லாத நேரமாகப் பாருங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல கட்டத்தில் லோன் வேண்டுமா என்று எவராவது கூப்பிடுவார். மேஜை அதிர்வு ஏறாமல் இருக்க, மடித்த துண்டின் மேல் அவருக்குப் பக்கமாக வையுங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறோம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பதிவாகிறது என்பதை அவரிடமும் சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைத்து எடுப்பது திருட்டு. எவ்வளவு நேரம் என்றால், அமெரிக்காவில் 2003-ல் நியூயார்க் ரயில் நிலையம் ஒன்றில் சின்ன அறை வைத்து ஆரம்பித்த ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு, தெரிந்தவர்கள் இருவரை உட்கார வைத்து நாற்பது நிமிஷம் பேசச் சொல்கிறது. நமக்கும் அது சரியாக வரும். முடிந்ததும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், அதுவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: பெரியப்பா பேச்சுவாக்கில் பாகப்பிரிவினையில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிட்டார். ஆடியோவைக் குடும்பக் குரூப்பில் போடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஐயா, வேண்டாம். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, மீதியையும் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டி அவர் சரி சொன்ன பிறகு போடுங்கள். முழுப் பதிவு உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: ஆச்சிக்கு மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். இனி கேட்டுப் பயன் இருக்கிறதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இருக்கிறது, ஆனால் பதிவுக்காகக் கேட்காதீர்கள், அவரோடு இருப்பதற்காகக் கேளுங்கள். 'நான் யாருன்னு தெரியுதா' என்று வருகிற ஆளெல்லாம் பரீட்சை வைப்பதை முதலில் நிறுத்துங்கள். தெரியவில்லை என்றால் அவருக்கு அவமானம், உங்களுக்கு வருத்தம், யாருக்கு லாபம்? காலையில் சாப்பிட்டது போய்விட்டாலும் சின்ன வயசுப் பாட்டு, சமையல் பக்குவம் நின்றிருக்கும். 'சீப்புச் சீடைக்கு மாவு எப்படிப் பிசையணும் ஆச்சி' என்று கேட்டு மாவையும் கையில் கொடுங்கள். வாய் சொல்லாததைக் கை செய்யும். ஆட்களை மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம்.

கேள்வி: எனக்கு 74 வயசு. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். பிள்ளைகள் வெளிநாட்டில். என்னை யாரும் கேட்கவில்லை. நானே என்னைப் பேட்டி எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தனியாகப் போனைப் பார்த்துப் பேசினால் எல்லாருமே மேடையில் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறோம். தெருவில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நாம் கேட்க வெட்கப்படும் கேள்வியெல்லாம் அதுதான் கேட்கும். பேரப்பிள்ளைகளுக்கு வீடியோ காலில் வாரம் ஒரு கேள்வி என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், என்ன கேட்க வேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள், தப்பே இல்லை. அதுவரைக்கும் நான் கேட்கிறேன். முதல் நாள் எந்த ரூட், டிரைவர் யார்? இன்வாய்ஸ் (டிக்கெட் கணக்குத் தாள்) முடிக்கும் முன் செக்கிங் ஏறியிருக்கிறாரா? சில்லறை பாக்கியை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்து, கடைசியில் வாங்காமலே இறங்கிப் போனவர்கள் உண்டா? பண்டிகைக்கு முதல் நாள் கடைசி டிரிப்பில் எத்தனை பேரை ஏற்றினீர்கள், கூரையில் இருந்தவர்களையும் சேர்த்து? எழுதி அனுப்புங்கள், பேப்பரின் இரண்டு பக்கமும் எழுதினாலும் பரவாயில்லை.