மூட்டை முடிச்சோடு மூன்று சக்கரம்: வாசகர் கேள்வி – பதில்

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் ஈஸி சேர்போல் ஓர் இருக்கை. கால்களை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். இந்த ரெகம்பென்ட் ட்ரைக்கில் சுமையோடு பல நாள் பயணம் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: மதுரையிலிருந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி வரை ட்ரைக்கில் போக நினைக்கிறேன். எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம் நல்லது? (வாசகர், திருநகர்)

ப: முதல் நெடும்பயணத்துக்கு இதைவிட நல்ல சாலை மதுரைப் பக்கம் கிடையாது. ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கி.மீ. பாம்பன் பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மானாமதுரை, சுமார் 50 கி.மீ. இரண்டாம் நாள் பரமக்குடி வழியாக ராமநாதபுரம், 65 கி.மீ. அளவில். மூன்றாம் நாள் உச்சிப்புளி, மண்டபம் தாண்டி ராமேஸ்வரம். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு நான்காம் நாள் காலையில் சுமையை லாட்ஜில் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு போய் வாருங்கள். முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் சாலையை விட்டு மணலில் ஒரு சக்கரம் இறங்கினாலும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ட்ரைக்கில் எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்களில்தான் இருக்கிறது, தள்ளுவதோ பின்சக்கரம்.

முதல் நாளை வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். வழியில் கீழடி அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்க்கலாம் என்பது ஒன்று. புதிதாகச் சுமை ஏற்றிய வண்டியில் கேரியர் திருகுகள் முதல் 50 கி.மீ.யில்தான் தளரும் என்பது இன்னொன்று. மானாமதுரையில் இரவு அலன் கீயை (அறுகோணத் திருகுசாவி) எடுத்து எல்லாத் திருகையும் ஒரு சுற்று பாருங்கள்.

தை, மாசி சரியான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனி பிறந்துவிட்டால் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே நிழலே இல்லாத நீளத்தில் தார் அனல் நேராக முகத்தில் அடிக்கும், நீங்கள் உட்கார்ந்திருப்பதே தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தானே. ஆடிக் காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது வட்டியோடு வசூலிக்கும். செப்டம்பர் 11-ஐ ஒட்டிப் பரமக்குடியிலும், அக்டோபர் 30-ஐ ஒட்டிப் பசும்பொன், கமுதி பக்கமும் நினைவுநாள் நிகழ்ச்சிகளுக்காகப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தைக் கூடிய சீக்கிரம் கடந்துவிடுவது உத்தமம். பிறகு கடலையும் ரயில் பாலத்தையும் வேடிக்கை பார்க்க வண்டிகளை ஓரம் கட்டிவிடுவார்கள். நிற்கும் கார்களுக்கு நடுவே தாழ்ந்த ட்ரைக் யார் கண்ணுக்கும் படாது. வண்டியில் கட்டும் கொடிக்கம்பின் உச்சி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

கே: எவ்வளவு சுமை ஏற்றலாம்? எல்லாவற்றையும் பின் கேரியரில் கட்டிவிடலாமா? (வாசகர், மேலூர்)

ப: கட்டலாம், ஆனால் வளைவில் அதற்கு விலை கொடுப்பீர்கள். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். முன்னால் அகலமாகவும் பின்னால் கூராகவும் ஒரு முக்கோணம் கிடைக்கும். எடை அகலமான பக்கத்தில் இருக்கும்வரை ட்ரைக் அசையாது. கூர்முனைக்கு மேல் உயரமாக ஏற்றினால் வேகமாகத் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்.

அதனால் தண்ணீர், கருவிகள், அரிசி பருப்பு போன்ற கனமானவை எல்லாம் இருக்கையின் இருபுறமும் தொங்கும் பக்கப் பைகளில், முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். துணி, தூங்கும் பை, கொசுவலை முதலிய லேசானவை கேரியரின் இருபுறமும் தொங்கும் பேனியர் பைகளில். கேரியரின் மேல்தட்டில் காயப்போடும் துண்டைத் தவிர ஒன்றும் வேண்டாம். இடமும் வலமும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வீட்டுத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

நான்கு நாள் பயணத்துக்குத் தண்ணீர் நீங்கலாக 15 கிலோ தாராளம். 20-ஐத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள். வண்டியின் எடை வரம்பு என்பது ஆள், பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. பல மாடல்களில் அது 125 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். 90 கிலோ ஆள் 25 கிலோ சுமையும் ஆறு லிட்டர் தண்ணீரும் ஏற்றினால் விளிம்புக்கு வந்துவிட்டார்.

இன்னொன்று. சைக்கிள் வளைவில் சாயும், ட்ரைக் சாயாது. பக்கவாட்டு அழுத்தம் முழுவதும் ஸ்போக்ஸ் கம்பிமேல் விழுகிறது. பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பிதான் முதலில் அறும். பின்சக்கரத்துக்கு இடம், வலம் இரண்டு பக்கத்து நீளத்திலும் நான்கு நான்கு கம்பி வாங்கி, சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றி வையுங்கள். வழியில் உள்ள சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிடுவார், அந்த நீளத்துக் கம்பி அவரிடம் இருக்காது.

கே: புதிதாகப் போட்ட முன்டயர் இரண்டும் நானூறு கிலோமீட்டரில் நூல் தெரியத் தேய்ந்துவிட்டன. டயர் போலியா? (வாசகர், திருமங்கலம்)

ப: டயர்மேல் பழி போடாதீர்கள். முன்சக்கர அலைன்மென்ட் போயிருக்கிறது. இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, அல்லது முன்பக்கம் மயிரிழை உள்நோக்கி இருக்க வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் இடையே அச்சுக்கு முன்னால் எடுக்கும் முன்னளவுக்கும் பின்னால் எடுக்கும் பின்னளவுக்கும் 6 மி.மீ. வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 அங்குலச் சக்கரத்தில் அப்படியானால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு ஏழு மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. நானூறு கிலோமீட்டரில் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலையில் தேய்த்த கணக்கு. எந்த டயர் தாங்கும்? அந்த இழுவை உங்கள் காலுக்கும் வீண் பாரம்.

சரிபார்க்க ஒயரிங் பைப் இரண்டு துண்டு போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காற்றைச் சரியாக அடித்து, சுமை ஏற்றி, யாரையாவது இருக்கையில் உட்கார வையுங்கள். ஆள் உட்காராமல் எடுக்கும் அளவு பொய் சொல்லும், ஏனென்றால் எடை ஏறினால் சட்டம் சற்று வளையும். கைப்பிடி நேராக இருக்கட்டும். இரண்டு பைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அச்சுக்கு முன்பக்கம், அச்சின் உயரத்திலேயே, இரண்டு ரிம்மின் உள்விளிம்பையும் தொடும்வரை நீட்டுங்கள். பைப்கள் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறுக்காக ஒரு கோடு. ரிம்மில் தொட்ட இரு இடத்திலும் சாக்பீஸ் அடையாளம். இப்போது வண்டியை அரைச் சுற்று முன்னே உருட்டினால் அதே அடையாளங்கள் அச்சுக்குப் பின்னால் அதே உயரத்துக்கு வரும். அங்கே மறுபடி அளக்க வேண்டும். அதே புள்ளிகளில் அளப்பதால் ரிம்மில் கோட்டம் இருந்தாலும் கணக்குக் கெடாது.

முன்னளவு பின்னளவுக்குச் சமமாகவோ, 2 மி.மீ. வரை குறைவாகவோ இருந்தால் சரி. இல்லையென்றால் முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடின் இருமுனையிலும் உள்ள செக் நட்டை (பூட்டு நட்) தளர்த்தி, ராடைக் கால் சுற்று திருப்பி, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு ராட் உள்ள வண்டியில் இரண்டையும் சம அளவு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடி கோணிக்கொள்ளும். கடைசியில் செக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். பாதி வண்டிகளில் அலைன்மென்ட் போவதே அந்த நட் தளர்ந்துதான். பெரிய பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்து எழுந்தால் அன்று மாலையே அளந்துவிடுங்கள்.

கே: எங்கள் ஊர்ச் சாலையோரம் முழுக்கக் கருவேல முள். மூன்று சக்கரத்துக்கும் பஞ்சர் ஒட்டி மாளவில்லை. (வாசகர், பரமக்குடி)

ப: சைக்கிள் ஒரு தடத்தில் போகும், ட்ரைக் மூன்று தடத்தில் போகும். சீமைக்கருவேல முள்ளுக்கு மூன்று மடங்கு வாய்ப்பு. உள்ளே தடித்த ரப்பர் பட்டை வைத்த மாரத்தான் பிளஸ் வகை டயர் கனம்தான், ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்தக் கனத்தைப் பொறுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். விறகு வெட்டிப்போட்ட ஓரங்களில் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளேயே ஓட்டுங்கள். பஞ்சரானால் டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி முள் நுனியை எடுக்காமல் புது ட்யூப் போட வேண்டாம். முள் முறிந்து உள்ளேயே நிற்பதுதான் வழக்கம்.

பயண அவசரத்துக்குப் பையன்கள் சைக்கிளின் 20 அங்குல ட்யூப் உதவும். ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். 20 அங்குலம் என்ற பெயரில் 406, 451 என்று இரண்டு ரிம் அளவு உண்டு. டயர் பக்கவாட்டில் 47-406 என்பதுபோல் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். இரண்டாவது வால்வ். வெளிநாட்டு ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான 6.5 மி.மீ. துளை மட்டும் இருந்தால் நம்மூர் ட்யூபின் தடித்த வால்வ் நுழையாது. கிளம்புமுன் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கே: போடியிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறு போக ஆசை. சுமை ட்ரைக்கில் நடக்குமா? (வாசகர், தேனி)

ப: ஏறுவது நடக்கும். கவலைப்பட வேண்டியது இறங்குவதைப் பற்றி.

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கி.மீ., 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். எவ்வளவு மெதுவாக ஏறினாலும் ட்ரைக் கவிழாது, அதனால் கியர் மிகக் குறைவாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். முன்பல் 30, பின்பல் 34, பின்சக்கரம் 20 அங்குலம் என்றால் மிதி ஒரு சுற்றுக்கு 1.34 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்தரை கி.மீ. மொத்தம் 120 கிலோ, சரிவு 5 சதவீதம் என்றால் அந்த வேகத்துக்கு நூறு வாட்டுக்குச் சற்று மேல் தேவை, பழகிய கால் மணிக்கணக்கில் தரும். பின்சக்கரம் 26 அங்குலமாக இருந்தால் அதே பற்களில் 1.8 மீட்டர் வந்துவிடும். அப்போது முன்பல்லை 24-க்கு இறக்குங்கள். சைக்கிளில்போல் எழுந்து நின்று மிதிக்க முடியாது. கனமான கியரில் முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து உந்தினால் முழங்கால் போய்விடும்.

இறங்கும்போது இரண்டு முன்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் லீவர் என்பதை மனத்தில் வையுங்கள். ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் டிரம்மானாலும் டிஸ்க்கானாலும் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்த்துத் திரும்புங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடிப்பது தப்பு. நேர்ச்சாலையிலும் 30 கி.மீ. தாண்ட வேண்டாம். நான்கைந்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டால் அங்கேயே கேபிளை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வளைவு. நிறுத்தும்போது பார்க்கிங் பிரேக் கட்டாயம், ட்ரைக் கீழே விழாது, தானாக உருண்டு போகும்.

கே: 20 கி.மீ.க்கு மேல் போனால் பாதம் மரத்துப்போகிறது. முழங்காலிலும் வலி. (வாசகர், உசிலம்பட்டி)

ப: இரண்டுக்கும் வேறுவேறு காரணம். முழங்கால் வலிக்குப் பூமின், அதாவது மிதிகளைத் தாங்கி முன்னே நீளும் குழாயின், நீளத்தைப் பாருங்கள். குதிகாலை மிதியில் வைத்து முழுக்க நீட்டினால் கால் நேராக வேண்டும், அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பூமை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுங்கள், பின்பக்கம் வலித்தால் உள்ளே தள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் இழுத்தால் செயின் ஐந்து சென்டிமீட்டர், அதாவது நான்கு கண்ணி கூடுதலாக வேண்டும். ட்ரைக் செயின் மூன்று சைக்கிள் செயினை இணைத்த நீளம். அறுந்த செயினை இணைக்கும் விரைவு லிங்க் இரண்டும் பழைய செயின் துண்டு ஒரு சாணும் பையில் இருக்கட்டும்.

பாதம் இதயத்தின் உயரத்துக்கு வந்துவிடுவதால் மரத்துப்போகிறது. ஷூவைத் தளர்த்தி, அதை மிதியோடு பூட்டும் கிளீட்டை முடிந்தவரை குதிகால் பக்கம் நகர்த்துங்கள். அதற்காகக் கிளீட்டே வேண்டாம் என்று செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள். வேகத்தில் கால் மிதியிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி அந்தக் காலின்மேல் ஏறிக் கணுக்காலை முறித்துவிடும். கிளீட் பிடிக்காதவர்கள் குதிகாலைத் தாங்கும் பட்டையாவது மாட்டிக்கொள்ள வேண்டும்.

கே: கிராமத்து வேகத்தடைகளில் அடிபடுமா? (வாசகர், அலங்காநல்லூர்)

ப: ஒரு செங்கல்லை நீளப் பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள், சுமார் 11 செ.மீ. உயரம். சுமையும் ஆளும் ஏறிய வண்டி அதன்மேல் தட்டாமல் போனால் ஒழுங்காகப் போட்ட வேகத்தடைகளைத் தாண்டிவிடலாம். ஊர்க்காரர்களே சிமென்ட் கொட்டிப் போட்டது வேறு கதை, இறங்கித் தூக்குங்கள். நேராக ஏறுங்கள். கோணலாக ஏறினால் ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்து சட்டம் முறுக்கும்.

கே: லாட்ஜில் ட்ரைக்கை எங்கே வைப்பது? (வாசகர், சிலைமான்)

ப: பெரும்பாலான ட்ரைக்குகள் 75 முதல் 85 செ.மீ. அகலம். அறைக் கதவு இரண்டே முக்கால் அடி என்றால் நேராக நுழைவது சந்தேகம். பைகளைக் கழற்றி, கொடியை எடுத்து, வண்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, ஒரு முன்சக்கரத்தை முதலில் நுழைத்துச் சாய்த்துக் கொண்டுபோனால் போய்விடும். செயின் மாட்டிய பக்கம் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் படுக்கை விரிப்பில் எண்ணெய்க் கறைக்கும் சேர்த்துப் பில் போடுவார்கள். தரைத்தள அறையை முதல் நாளே போனில் சொல்லி வையுங்கள். வண்டியைக் கீழே பார்க்கிங்கில் விட்டால் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துத் தூணில் பூட்டி, இருக்கைத் துணியைக் கழற்றி அறைக்குக் கொண்டுபோங்கள். இருக்கை இல்லாத ட்ரைக்கில் ஏறி உட்கார்ந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.