அம்மாவின் காலுக்கு அளவான பூட்ஸ்

கேள்வி: டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த என் அம்மாவை (வயது 71) சென்ற செப்டம்பரில், பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் அழைத்து வந்தோம். எங்கள் இரண்டு வயது மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். டிசம்பர் பிறந்ததிலிருந்து அவர் முகமே வாடிவிட்டது. வீட்டுக்குள் 22 டிகிரி வைத்திருந்தும் குளிர்கிறது என்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை. குழந்தை தூங்கும் நேரமெல்லாம் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்கு அனுப்பிவிடு என்கிறார். ஜூனில்தான் காப்பகத்தில் குழந்தைக்கு இடம் கிடைக்கும். வெளியே போகிற வேலை அம்மாவுக்கு இல்லாததால் பனிக்கால பூட்ஸ் வாங்கவில்லை. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கப் போகும்போது மட்டும் என் கணவருடைய பூட்ஸை மாட்டிக்கொள்வார். அவர் அறைக்கு எந்த ஹீட்டர் வாங்கலாம்? ஜூன் வரை இருக்க எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: ஹீட்டருக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த பூட்ஸைப் பற்றிப் பேச வேண்டும்.

வெளியே போகிற வேலை அம்மாவுக்கு இல்லை என்று எழுதிய கையோடு, அடுத்த வாக்கியத்திலேயே, அவர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு பனியில் நடப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு ஏற்ற பூட்ஸ்தான் இல்லை. மாப்பிள்ளை கூடத்துக்குள் வந்தால் எழுந்து நிற்கிற வழக்கத்தில் வளர்ந்த தலைமுறை உங்கள் அம்மாவுடையது. அப்படிப்பட்டவர் மாப்பிள்ளையின் பூட்ஸுக்குள் காலை நுழைக்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? கூச்சத்தை விடுங்கள். ஆண்களின் அளவில் தைத்த பூட்ஸுக்குள் குதிகால் மேலும் கீழும் வழுகிக்கொண்டிருக்க, உறைந்த பாதையில் சக்கரத் தொட்டியை இழுத்துச் செல்லும் 71 வயதுப் பெண்மணி ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பிறகு ஜூனைப் பற்றி நீங்கள் யாரிடமும் பேச வேண்டியிருக்காது.

சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பது கனடாவின் விதி. விதி கேட்டதால் அதை வாங்கிவிட்டீர்கள். பூட்ஸை எந்த விதியும் கேட்கவில்லை; மகள்தான் தானாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் குழந்தைக்குப் பனிக்கால உடையும் பூட்ஸும் முதல் பனி விழுவதற்கு முன்பே வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெற்றவளைப் பேத்திக்குக் காவலாக அழைத்து வருவதை நான் குறை சொல்ல மாட்டேன், காலங்காலமாக நம் குடும்பங்கள் அப்படித்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கின்றன. ஆனால் அழைத்து வந்தவளுக்கு வாசற்படியைத் தாண்டும் வழி செய்து தராமல் வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

வீட்டுக்குள் 22 டிகிரி என்கிறீர்கள். தஞ்சாவூரில் மார்கழி விடியற்காலை கிட்டத்தட்ட 20 டிகிரிக்குத்தான் இறங்கும். அந்தக் குளிரில், உங்கள் அம்மாவின் வயதுப் பெண்கள் இருட்டோடு எழுந்து, தலைக்குக் குளித்து, வாசல் தெளித்து, கோலமிட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்தவர்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வருவார்கள், பேச்சு தொடங்கும், கோவிலில் பொங்கல் மணக்கும். அவருடைய குளிர்காலம் வாசலில் நடந்த குளிர்காலம். உங்கள் வீட்டில் அவர் வாசலுக்குப் போவது குப்பையோடு மட்டுமே.

குளிரோடு வாழப் பழகிய ஊர்களைப் பாருங்கள். காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிரைச் சில்லை கலான் என்கிறார்கள். முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் ஃபெரன் என்ற தளர்ந்த அங்கிக்குள், காங்கிரி என்ற, பிரம்புக் கூடையில் பொதிந்த மண்சட்டித் தணலைப் பிடித்துக்கொண்டு, கடைக்கும் தெருவுக்கும் போய் வருவார்கள். சூடு ஆளோடு கூடவே நடக்கும். ஜப்பானில் தாழ்ந்த மேசையின் அடியில் கணப்பை வைத்து, மேலே கனத்த மெத்தைப் போர்வையை விரித்ததைக் கொடாட்சு என்பார்கள், அதற்குள் குடும்பமே கால் நீட்டி உட்காரும். இரண்டு இடத்திலும் கிழவியை ஓர் அறையில் தனியே வைத்துச் சூடேற்றுவதில்லை.

நான் இதைக் கற்றது டெல்லியில். கரோல் பாகில் நாங்கள் குடியிருந்தபோது ஒரு ஜனவரியில் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்தார். நானும் உங்களைப் போலவே அவரைக் கம்பளியில் சுற்றி, கதவை மூடி, கணப்புப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு நாள் கீழே வந்து, வெயிலை வீணாக்குகிறாயே என்று என்னைக் கடிந்துகொண்டு, மாமியாரின் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து மடியில் ஒரு முறம் பச்சைப் பட்டாணியைக் கொட்டினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் பட்டாணி உரித்தார்கள், என் மாமியார் ஊருக்குப் போகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

டொராண்டோவில் மாடி வெயில் கிடையாது என்பீர்கள், உண்மைதான். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் 9 மணி நேரம்கூட இல்லை. தஞ்சாவூரில் அப்போதும் சுமார் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் உடம்பு வைட்டமின் டி தயாரிக்காது, அங்கே குளிர்காலத்தில் வெளியே நின்றாலும் மிகக் குறைவுதான். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் வேண்டும் என்பது அந்நாட்டுப் பரிந்துரை. எனவே இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எப்போதும் குளிர்கிறது என்பவருக்கு இரத்தசோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும். பசியின்மையையும் மனவாட்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெளிச்சம் குறைவதால் வரும் மனச்சோர்வை 1984 முதல் மருத்துவம் தனியாகப் பெயரிட்டுக் கவனிக்கிறது, காலையில் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் அரைமணி உட்காருவதும் அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. அவருக்கு அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பூட்ஸ் வாங்க அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். கனத்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும், அடிப்பாகம் வழுக்காத ரப்பராக இருக்க வேண்டும். புடவைதான் கட்டுவார் என்றால் உள்ளே கம்பளி உள்ளாடை போதும், புடவையை மாற்றச் சொல்லாதீர்கள். கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் பனி உருகத் தெருவில் தூவும் உப்பின் சேற்றில் நனையாது. காற்றோடு சேர்ந்த குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரியைத் தொடும் நாளில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம், அன்று வெளியே போக வேண்டாம். மற்ற நாட்களில் மதிய வெளிச்சத்தில் பேத்தியோடு கால்மணி நேரம் நடக்கட்டும். சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, ஸ்கார்பரோவில் தமிழ் பேசும் பாட்டிமார்களுக்கும் பஞ்சமில்லை. குப்பைத் தொட்டியை இனி உங்கள் கணவர் வைப்பார்.

ஹீட்டரைக் கேட்டீர்கள். இரண்டு வயதுக் குழந்தை ஓடும் வீட்டில் தரையில் வைக்கும் மின்கணப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தொண்டை வறண்டு தோல் வெடித்தால் அதற்குக் காரணம் வீட்டைச் சூடேற்றும் உலையால் காய்ந்துபோன காற்று. அதற்கு ஈரப்பதக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள்.

ஜூன் வரை சம்மதிக்க வைக்கும் வழியை மட்டும் நான் சொல்லித் தரப் போவதில்லை. பூட்ஸ் வாங்கி, நாலு வாரம் அவர் வெளியே போய் வந்த பிறகு, நாள்காட்டியை அவர் கையில் கொடுத்து, எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கட்டும் என்று கேளுங்கள். மார்ச் என்று சொன்னால் மார்ச்சுக்கு எடுங்கள், மீதி மூன்று மாதத்துக்கு நீங்களும் கணவரும் மாறி மாறி விடுப்பு எடுங்கள்.