ஹெரால்டுக்கு எந்தக் கிரவுன் பினியன்?

கேள்வி: ஐயா, என்னிடம் 1967 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. எஞ்சின் வேலை முழுவதும் பார்த்துவிட்டேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் பைபாஸில் எண்பதைத் தொட்டால் எஞ்சின் இரைச்சல் தாங்க முடியவில்லை. அடிக்கடி குடும்பத்தோடு கோத்தகிரிக்கும் ஏறுவோம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 காரின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் பல்சக்கரப் பெட்டி), 3.63 விகிதம், இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் தருவதாக நண்பர் சொல்கிறார். மாட்டலாமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: 3.63 வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.875. அதற்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமான கிரவுனில் 39 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில் 8. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வருகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். 5.20-13 டயரோடு டாப் கியரில் எஞ்சினின் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் வண்டி சுமார் 22 கி.மீ. வேகம் போகும். எண்பதில் ஓட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு 3650 சுற்றுப் பக்கம் சுற்றுகிறது. நீங்கள் கேட்கிற இரைச்சல் அதுதான். எஞ்சினில் குறை எதுவும் இல்லை. 3.63 மாட்டினால் அதே எண்பதில் 2700 சுற்றுதான் வரும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த 3.63 யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஸ்பிட்ஃபயர் 1500-இல் இருப்பது 1493 சி.சி. எஞ்சின், சுமார் 71 குதிரைத்திறன். உங்களுடையது 948 சி.சி., 35 குதிரைத்திறன். ஹெரால்டை உருவாக்கிய டிரையம்ஃப் கம்பெனி 1961-இல் இங்கிலாந்தில் ஹெரால்டு 1200 கொண்டுவந்தபோது ஆக்சில் விகிதத்தை, அதாவது இந்த டிஃபரன்ஷியல் விகிதத்தை, 4.11-ஆக மாற்றினார்கள். கூடவே எஞ்சினையும் 1147 சி.சி. ஆக்கினார்கள். 3.89 கொடுத்தது 1296 சி.சி. எஞ்சினுள்ள ஸ்பிட்ஃபயர் மார்க் 4-க்குத்தான். இழுவை கூடக் கூடத்தான் விகிதத்தை இறக்கினார்கள். வண்டலூர் ஆலையில் நம் ஹெரால்டுக்குக் கடைசிவரை 948 சி.சி.தான். எனவே அவர்கள் போன தூரத்துக்கு நாம் போக முடியாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் கியர்பாக்ஸில் மூன்றாவது கியர் சுமார் 1.45. அதை ஆக்சில் விகிதத்தோடு பெருக்கினால் மொத்தம் 7.1 வருகிறது. 3.63 மாட்டினால் அதே மூன்றாவது 5.3 ஆகிவிடும். இன்றைய உங்கள் டாப் கியர் 4.875. அதாவது நாளைய மூன்றாவது, கிட்டத்தட்ட இன்றைய டாப். அடுத்த முறை நான்கு பேரோடு கோத்தகிரி மலை ஏறும்போது, வேறு வண்டி வராத நேரமாகப் பார்த்து, டாப்பிலேயே ஏற முயன்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 33 கி.மீ.க்குள் 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். முதல் சில வளைவுகளிலேயே எஞ்சின் திணறுவது தெரிந்துவிடும். 3.63 மாட்டினால் மூன்றாவது கியர் மலையில் உதவாது. முழு வழியும் இரண்டாவதில்தான் போக வேண்டியிருக்கும். அப்போது மலையில் இன்றைக்கு இருப்பதைவிட இரைச்சல் கூடும்.

சரி, என்ன செய்யலாம்? 4.11 கிடைத்தால் போடுங்கள். எண்பதில் 3100 சுற்றுக்கும் கீழே வந்துவிடும். காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அது. மூன்றாவது கியர் மொத்தம் 6 ஆகும். மிதமான ஏற்றத்தில் அது இழுக்கும், செங்குத்தான இடங்களில் இரண்டாவதுக்கு வர வேண்டும். எல்லா கியரிலும் இழுவை சுமார் 16 சதவீதம் குறையும் என்பதை மறக்காதீர்கள். ஆனால் கியர்பாக்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். 948 கியர் பெட்டியின் முதல் கியர் சுமார் 4.3, ஹெரால்டு 1200-இல் அது 3.75. உங்கள் பழைய பெட்டி இருந்தால்தான் 4.11 ஆக்சிலோடும் கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்ப முடியும். இன்னும் நல்ல பொருத்தம் 4.55. இரட்டைக் கார்புரேட்டர் 948 ஹெரால்டுக்கு டிரையம்ஃப் கம்பெனியே கொடுத்தது. மலையடிவாரத்தில் இருக்கிற உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் அது கையில் கிடைப்பது அபூர்வம்.

வாங்கும்போது விற்பவர் சொல்லும் எண்ணை நம்பி எடுக்காதீர்கள். வண்டியிலேயே இருக்கிற யூனிட் என்றால், நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். மற்றது தரையில் அசையாமல் இருக்க முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், கைப்பிரேக் போடக் கூடாது. தூக்கிய சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு சக்கரம் நின்றிருப்பதால் 20 சுற்று 10 சுற்றுக்குச் சமம். ஷாஃப்ட் 41 சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் 4.11. நாற்பத்தெட்டே முக்கால் என்றால் உங்களுடையதேதான். தனியாகக் கிடக்கிற யூனிட் என்றால் பல்லை எண்ணிவிடுங்கள். 37-க்கு 9 என்றால் 4.11.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை ஒரு யூனிட்டிலிருந்தும் இன்னொன்றை வேறொன்றிலிருந்தும் எடுத்துக் கோத்தால் ஊளைச் சத்தம் நிற்கவே நிற்காது. முழு யூனிட்டாக வாங்குங்கள். ஹெரால்டில் அது சேசிஸில் போல்ட் போட்டு நிற்பதால் கழற்றி மாட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. மேலே குறுக்காக இருக்கிற லீஃப் ஸ்பிரிங்கை மட்டும் அனுபவம் உள்ளவரை வைத்துக் கழற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சின் ஓட்டை அளவு சேர்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். (ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்ட் கெசல் வைத்திருப்பவர்களுக்கு: உங்களுடையது வேறு வகை ஆக்சில். இந்த யூனிட் அதில் உட்காராது.)

ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. ஆக்சில் மாறியது அதற்குத் தெரியாது. 4.11 போட்ட பிறகு முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 95-இல் போகும். டிரம் பிரேக்குள்ள கார் இது. முள்ளைத் திருத்தாமல் ஒரு நாள்கூடப் பைபாஸில் ஏறாதீர்கள், வீட்டிலுள்ளவர்களையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: என் மார்க் 2 அம்பாசடரில் ஆக்சிலை மாற்றுவதைவிட இசுசூ ஐந்து கியர் பெட்டி போடுவது நல்லதா?
– வாசகர், மதுரை

பதில்: யோசனை சரியானது. ஆக்சிலை மாற்றினால் எல்லா கியரும் மாறும். ஐந்தாவது கியர் சேர்த்தால் முதல் நான்கின் இழுவையைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டு, சமவெளியில் மட்டும் எஞ்சினுக்கு ஓய்வு கிடைக்கும். ஐந்தாவது 0.85 என்றால் 3500 சுற்று 2975 ஆகிவிடும். ஆனால் அந்தப் பெட்டி உங்கள் 1489 சி.சி. எஞ்சினின் பின்பக்கம் நேராக உட்காராது. அடாப்டர் பிளேட் கடைய வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பண்ண வேண்டும், ஸ்டியரிங்கில் இருக்கிற கியர் தண்டு தரைக்கு வரும். நடுமையம் கொஞ்சம் தப்பினாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரம் போய்விடும். மையத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்காத லேத் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். எஞ்சினையும் சேர்த்து மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

கேள்வி: எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன். ஓவர்டிரைவ் (டாப்புக்கும் மேலே எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ளது விலை அதிகம். தேவையா?
– வாசகர், லண்டன்

பதில்: கொடுத்து வாங்குங்கள். 3.909 ஆக்சிலில் டாப்பில் 1000 சுற்றுக்கு 29 கி.மீ. ஓவர்டிரைவ் 0.82 சேர்ந்தால் 35. சுவிட்சைத் தட்டினால் போதும். ஆக்சிலில் கை வைக்கவே தேவையில்லை.

கேள்வி: ஹெரால்டுக்கு அழகுக்காக 155/70 ஆர் 13 டயர் போட்டேன். அதிலிருந்து இரைச்சல் கூடிவிட்டது போலிருக்கிறதே?
– வாசகி, திருச்சி

பதில்: பிரமை இல்லை அம்மா. பழைய டயருக்கு நெருக்கமான 155/80-இன் விட்டம் 578 மி.மீ., நீங்கள் போட்டது 547. எஞ்சின் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் சுற்றுகிறது, ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும். 155/80-க்குத் திரும்புங்கள். ஆக்சிலைத் தொட வேண்டாம்.