சாட்பாட் செய்யும் மகளுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

அம்மா, பிளஸ் டூ முடித்த மகள் போனைக் கீழே வைப்பதே இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவளிடமே கேட்டேன். உங்கள் குடும்ப டெலிகிராம் குழுவுக்காக ஒரு சாட்பாட் செய்துகொண்டிருக்கிறாள். குறிப்பிட்ட சொல் வந்தால் அதுவாகவே கிண்டலாகப் பதில் சொல்லும். கவலையை விடுங்கள்.

ஆறுதல் இத்தோடு போதும். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. - டேட்டா சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன். வேண்டாம். தவணை கட்டப்போவது அவரில்லை.

மகள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். ‘படி’ என்ற சொல் வந்தால் "முதலில் போய்ப் படி" என்று அதட்டும்படி வைத்திருக்கிறாள். யாராவது "அப்படியா?" என்று எழுதினாலும் அதே அதட்டல், உள்ளே ‘படி’ ஒளிந்திருக்கிறதே! ‘மரம்’ என்று கொடுத்தாலோ, ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்று வரும்போது வாயே திறப்பதில்லை. எந்த வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி எப்படி மாறுகிறது என்று பக்கம் பக்கமாக அட்டவணை போட்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. மொழியைக் கணினி கையாளும்படி செய்யும் இந்தத் துறைக்குக் கணினி மொழியியல் என்று பெயர். 1966இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசாவும் முக்கியச் சொல்லைப் பிடித்துப் பதில் சொன்ன நிரல்தான். ஆங்கிலச் சொல் இவ்வளவு உருமாறாது. தமிழில் செய்பவர்களுக்கு வேலை அதிகம்.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கட்டும். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடியும். பிறகு எம்.ஏ. மொழியியல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கின்றன. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கியூட் பி.ஜி. என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதே ஊரில் டிரிபிள் ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் கணினி அறிவியல், கணினி மொழியியல் இரண்டையும் சேர்த்து ஐந்தாண்டுப் படிப்பாகவே தருகிறது. நல்ல படிப்பு, கட்டணம் அதிகம். உதவித்தொகை உறுதியாகாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்குவது, பிழைதிருத்தி என்று வேலைகள் இருக்கின்றன. 2022இல் மத்திய அரசு தொடங்கிய பாஷினி திட்டம் இதே வேலையைத்தான் செய்கிறது. முதல் சம்பளம் உங்கள் அண்ணன் மகனுடையதைவிடக் குறைவாக இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புள்ளியியலை மட்டும் அவள் விட்டுவிடக் கூடாது. அது இல்லாமல் இந்தத் துறையில் மேலே போக முடியாது. இதில் விருப்பமில்லை என்றால் அவளே எனக்கு எழுதட்டும். அண்ணன் எழுத வேண்டாம்.