நுரையீரல் ரத்த அழுத்த நோயில் ஃப்ளூக்ஸெடின் இதயத் தழும்பைக் குறைக்குமா?

மனச்சோர்வு மருந்தான ஃப்ளூக்ஸெடின் எலியில் குறைத்திருக்கிறது, மனிதரில் நிரூபணமாகவில்லை. கிலோவுக்கு 60 மி.கி. மோனோகுரோட்டலின் என்ற தாவர நஞ்சை ஒரே ஊசியாகப் போட்டால், மூன்று நான்கு வாரத்தில் எலியின் நுரையீரல் தமனிச் சுவர் தடித்து, வலது கீழறை பருத்து, தசையிழைகளுக்கிடையே கொலாஜன் என்ற நார்ப்புரதம் தழும்பாகப் படியும். தமனித் தசைச் செல்களைப் பெருகத் தூண்டும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் செல்லுக்குள் நுழையும் வாயிலை ஃப்ளூக்ஸெடின் அடைப்பதால் அந்தப் பெருக்கம் மட்டுப்படுகிறது. சிக்கல் இங்கேதான்: வலது கீழறையின் அழுத்தச் சுமை இறங்கியதால் தழும்பு குறைந்ததா, மருந்து இதயத்திலேயே வேலை செய்ததா? பிரித்தறிய, நுரையீரல் தமனியைக் கட்டி இறுக்கிய எலி வேண்டும். அங்கே சுமை மருந்தால் மாறாது.

இந்நோயாளிகளைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ரிவீல் பதிவேட்டிலோ, ஃப்ளூக்ஸெடின் வகை மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களிடம் இறப்பு கூடுதலாகவே தெரிந்தது. (மருந்தே காரணம் என்று சொல்லிவிட முடியாது, நோய் முற்றியவர்களுக்கு மனச்சோர்வும் அதிகம்.) தழும்புக்காக இதை எடுக்க வேண்டாம். மனச்சோர்வுக்கு எடுப்பவர் தானாக நிறுத்தவும் வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.