அக்காவிடம் கேளுங்கள்: முகம் தெரியாமல் ஒரு போட்டோதானே?

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. பி.காம். இரண்டாம் வருஷம். ஒரே வருஷத்தில் பத்து கிலோவுக்கு மேல் ஏறிவிட்டேன். போன மாதம் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சித்தி, "ஏட்டி, என்ன இப்படி ஊதிட்ட?" என்று கேட்டாள். பீரியட்ஸ் வேறு இரண்டு, மூன்று மாதம் தள்ளிப்போகிறது. இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே எடை குறைத்த பெண்கள்தான். ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன். அங்கே ஒரு 'ஃபிட்னஸ் கோச்' பழக்கமானார். 500 ரூபாய் ஜிபே செய்தேன். இப்போது டயட் சார்ட் தர, உள்ளாடையோடு நாலு பக்கமும் போட்டோ வேண்டும் என்கிறார். "முகம் தெரிய வேண்டாம், ஒருமுறை பார்த்ததும் மறைகிற மாதிரி அனுப்பு, மீதிப் பணத்தில் பாதி தள்ளுபடி" என்கிறார். அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: அனுப்பாதே, தங்கச்சி. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள். இந்த 'முகம் தெரிய வேண்டாம்' வசனம் எனக்குப் பழக்கம். படம் போவது உன் கணக்கிலிருந்து. யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? போதாததற்கு கழுத்துச் செயின், தோள் மச்சம், பின்னால் தொங்கும் நகைக்கடை காலண்டர். அதில் ஊர்ப்பெயரே அச்சடித்திருக்கும். ஒருமுறை பார்த்ததும் மறையும் படத்தை இன்னொரு போனால் படம்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? உணவு ஆலோசகர்கள் கேட்பது உயரம், எடை, டேப் வைத்து எடுத்த இடுப்பளவு, ரத்தப் பரிசோதனை, நீ என்ன சாப்பிடுகிறாய் என்பது. போட்டோவுக்குத் தள்ளுபடி தருகிறவன் வேறு வியாபாரம் செய்கிறான்.

கோபத்தில் உடனே பிளாக் செய்துவிடாதே. முதலில் அவனுடைய கணக்குப் பக்கம், பேச்சு, பணம் போன எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பிறகு ரிப்போர்ட், அப்புறம் பிளாக். போன 500 ரூபாய்க்கு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணைக் கூப்பிடு. சின்னத் தொகைதானே என்று விடாதே. ஏற்கெனவே ஏதாவது படம் அனுப்பியிருந்து, அதை எனக்கு எழுதக் கூச்சப்பட்டிருந்தால், பரவாயில்லை. மிரட்டினாலும் ஒரு பைசா கொடுக்காதே. கொடுத்தால் திரும்பவும் கேட்பான். cybercrime.gov.in தளத்தில் பெண்கள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க ஸ்டாப்-என்சிஐஐ என்ற தளமும் உண்டு. படம் உன் போனை விட்டு வெளியே போகாது. அதன் அடையாளக் குறி மட்டும் போகும். அதைக் கொண்டு, இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை அந்தப் படம் பரவாமல் தடுக்கப் பார்க்கும்.

அந்த ரீல்ஸ் விஷயம். எதில் எத்தனை நொடி நின்றாய் என்பதைக் கவனித்துத்தான் அடுத்ததைத் தள்ளுகிறது. நீ அழுதுகொண்டே பார்த்தாலும், பிடித்துப் பார்த்ததாகத்தான் அதற்குக் கணக்கு. 2021-ல் இன்ஸ்டாகிராம் கம்பெனியின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. உடம்பை நினைத்து ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கும் டீன் ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். செட்டிங்ஸில் 'கன்டென்ட் பிரிஃபரன்ஸஸ்' போய், பரிந்துரைகளை ரீசெட் செய். பிறகு எடைக் கதை வந்தால் 'நாட் இன்ட்ரஸ்டட்' அழுத்து. கணக்கைப் பிரைவேட் ஆக்கு. சித்தி உன்னை டேக் செய்தால் நீ சம்மதித்த பிறகே தெரியும்படி வைக்கவும் வழி இருக்கிறது. சித்தியின் வாய்க்குத்தான் செட்டிங்ஸ் கிடையாது. "டாக்டரைப் பார்க்கிறேன் சித்தி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

டாக்டர் என்றது சாக்குக்கு அல்ல. உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீ போகிறபோக்கில் எழுதிய அந்த பீரியட்ஸ் வரிதான். எடை ஏறி மாதவிலக்கும் தள்ளிப்போனால் பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா, தைராய்டா என்று பார்க்க வேண்டும். பிசிஓடி என்றால் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. எடை ஏறுவது சுலபம், இறங்குவது கஷ்டம். உன் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ராத்திரிப் பட்டினியும் வேண்டாம். மறுநாள் அகோரப் பசியில் இரண்டு மடங்கு சாப்பிடத்தான் வைக்கும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் படு. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது, சாப்பிட்டால் குற்ற உணர்ச்சி வருகிறது என்றால் 14416-க்குக் கூப்பிடு. டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் ஊரிலேயே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய், மகளிர் மருத்துவத்துக்கு ஓ.பி. சீட்டு வாங்கு. கடைசியாக எந்தெந்தத் தேதியில் பீரியட்ஸ் வந்தது என்று எழுதி எடுத்துப் போ. முதலில் அதைத்தான் கேட்பார்கள். டிபனைக் கையில் கட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு போ. சுகருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னால் இன்னொரு நடை மிச்சம்.